டார்ச் அடித்துப் பார்க்காத பெட்டி

அடுகோடியில் குடியிருக்கும் பியாட்ரிஸ் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். ஆனாலும் பெங்களூரில் வானத்தை ஆராயும் ஒரு நிறுவனத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். கறுப்புக் காகிதம் சுற்றி டேப் ஒட்டுகிற வேலை.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் நம் தலைமேல் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கின்றன. அவை ஒருவகைப் பிளாஸ்டிக் பலகையில் பட்டால் கண்ணுக்கு எட்டாத ஒரு மினுக்கு உண்டாகும். அதைத்தான் கருவி எண்ணும். ஊசிமுனை அளவு வெளிச்சம் உள்ளே போனாலும் கணக்கு கெட்டது. அதனால் பலகையை இருட்டாகச் சுற்றிப் பெட்டிபோலக் கட்ட வேண்டும். பிறகு ஓரமெல்லாம் டார்ச் அடித்து, எண்ணிக்கை எகிறவில்லை என்று பார்த்துவிட்டுச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

பியாட்ரிஸ் சுற்றிய பெட்டி என்றால் பெரிய விஞ்ஞானிகள்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலையில் வேறு எதை வைத்துப் பெருமைப்படுவது, பாவம்.

வாணியம்பாடியிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி அனுஷாவுக்கு அவர் இரண்டு பெட்டிகள் செய்து கொடுத்தார். மொட்டைமாடியில் தகரக் கூரைக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள். இரண்டும் ஒரே கணத்தில் மினுக்கினால் ஒரு கதிர் என்று கணக்கு. நாலு வருடம் எண்ணினாள் அனுஷா. தினமும் பகல் பதினொரு மணி சுமாருக்கு எண்ணிக்கை துளி ஏறியது. வெப்பத்தைக் கழித்தாள், காற்றழுத்தத்தைக் கழித்தாள், அப்போதும் ஏற்றம் போகவில்லை. சூரியன் பக்கமிருந்து ஏதோ வருகிறது என்று தீசிஸ் எழுதினாள். மழை மாதங்களில் அது குறைந்ததற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள், கெட்டிக்காரி.

தீசிஸ் கொடுக்க இரண்டு வாரம் இருந்தது. பெட்டிக்குப் புது எண் ஒட்ட மாடிக்குப் போன பியாட்ரிஸ், கூரையில் ஒரு ஆணி ஓட்டையைப் பார்த்தார். அதன் வழியே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெயில் விழுந்து, மேல்பெட்டியின் மூலையில் நின்றது. மணி பதினொன்று.

அந்த மூலை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நாலு வருடத்துக்கு முன் ஒரு பெரிய வியாழன். சாயங்காலப் பூசைக்கு நேரமாகிவிட்டது. டார்ச்சை அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு கோயிலுக்கு ஓடினார். ஈஸ்டர் விடுமுறை முடிந்து வந்தபோது பெட்டி மாடிக்கு ஏறியிருந்தது. இறக்கித் தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

இப்போது அந்த மூலையின்மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுவிட்டு இறங்கினார்.

மூன்றாம் நாள் அனுஷா வெளிறிய முகத்தோடு வந்தாள். "ஆன்ட்டி, ரெண்டு நாளா அந்த ஏத்தமே வரல. எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் செக் பண்ணிட்டேன். ஒண்ணும் புரியல."

சொல்லாமல் இருந்திருக்கலாம். துணியை எடுத்துவிட்டால் ஏற்றம் திரும்பி வந்திருக்கும், அவளும் டாக்டர் ஆகியிருப்பாள்.

"நான்தாம்மா துணி போட்டு மூடினேன். உள்ள வெயில் பூருதும்மா."

அனுஷா மாடிக்கு ஓடினாள். துணியை எடுத்தாள், எண்ணிக்கை ஏறியது. போட்டாள், இறங்கியது. வெயிலால் மேல்பெட்டி சும்மா மினுக்கியதில் சிலது தற்செயலாகக் கீழ்ப்பெட்டியின் மினுக்கோடு ஒத்துப்போய்க் கதிராகக் கணக்கில் ஏறியிருந்தது. நாலு தடவை செய்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"டெஸ்ட் ஷீட்ல உங்க சைன் இருக்கே ஆன்ட்டி."

"சைன் போட்டேன். டார்ச் அடிக்கல."

அனுஷா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பியாட்ரிஸுக்கு இருந்தது.

புதுப் பெட்டி வைத்து மறுபடி எண்ண இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்றார் அவளுடைய கைடு. அவளுடைய உதவித்தொகை முடிந்திருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். போவதற்குமுன் கைடுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் காரணம் ஒரே வரி: வெயிலில் டேப் இற்றுவிட்டது. ஜூன் மாதம் பியாட்ரிஸின் ஒப்பந்தம் எப்போதும்போல் புதுப்பிக்கப்பட்டது.

அவர் போன் செய்து கேட்டார். "ஏம்மா என் பேரை எழுதல?"

"எழுதினா என் நாலு வருஷம் திரும்பி வருமா ஆன்ட்டி? ஆபீஸ் கேப் வந்துடுச்சு, வைக்கிறேன்."

அதன்பிறகு அவள் போனை எடுக்கவில்லை.

இப்போது பியாட்ரிஸ் ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று தடவை டார்ச் அடிக்கிறார். போன வாரம் ஷ்ரேயாஸ் என்று ஒரு புது மாணவன் வந்தான். கைடு அவனை அழைத்துவந்து, பியாட்ரிஸ் குனிந்து டார்ச் அடிப்பதைக் காட்டினார்.

"நல்லா பார்த்துக்கோ. டேப் மோசம் பண்ணலாம், இவங்க சைன் மோசம் பண்ணாது."

பியாட்ரிஸ் நிமிர்ந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். ஷ்ரேயாஸ் பேனாவை நீட்டினான். வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.