ஒண்ணு போட்ட ஊர்

அடுத்தவர் வேலை செய்வதைப் பார்த்துக் குறை எழுதவும் ஒரு வேலை உண்டு. அதற்குப் பெயர் திட்ட மதிப்பீடு. நோயாளி வராத பல் கிளினிக்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அதில் ஒரு வருட ஃபெலோஷிப் கிடைத்தது. வீடு தேடி வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் திட்டம் கடலூர்ப் பக்கம் எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கையில் படிவத்தோடு நாய்க்கடிக்குத் தப்பித் தெருத்தெருவாக அலைந்த என் இனத்தாரே, கேளுங்கள்.

தென்னை இரண்டு

குடிகாட்டில் முதல் வீடு. "மதிப்பீடு பண்ண வந்திருக்கேன்" என்று பந்தாவாகச் சொன்னேன். வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. போர்வெல், மாட்டுக் கொட்டகை, புதுசாகக் கட்டிய பாத்ரூம் என்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். என்ன ஒத்துழைப்பு என்று பூரித்துப் போனேன். ரோடு அகலப்படுத்த நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சாம். விலை போட வந்த அதிகாரி என்று என்னை நினைத்துவிட்டார். "சுகர் மாத்திரை மாசாமாசம் வருதா சார்?" என்று கேட்டதற்குச் சொன்னார்:

"மாத்திரை கெடக்குது வுடும்மா, அந்த ரெண்டு தென்னைய எழுதிக்கினியா?"

ஒன்றிலிருந்து ஐந்து

கீரப்பாளையம் பக்கம் மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பவர் ஜெயா அக்கா. கணவர் இல்லை, இந்த வேலையை நம்பித்தான் மகளைச் சிதம்பரத்தில் நர்சிங் படிக்க வைக்கிறார். அவர் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்க வேண்டும், ஐந்து என்றால் மிக நன்று என்று ஒவ்வொரு வீட்டிலும் விளக்க வேண்டும். பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். மற்ற ஊர்களில் ஒழுங்காக விளக்கினேன். இங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. விளக்கத்தை முழுங்கிவிட்டு, "ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு "ஒண்ணு" என்றார்கள். சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறார்களே என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் நடந்த திட்ட ஆய்வுக் கூட்டத்தில் கலர் கலராகப் படம் போட்டுக் காட்டினேன். கீரப்பாளையத்துக்கு மட்டும் சிவப்பு. ஜெயா அக்காவை எடுத்துவிட்டு வேறு ஆள் போடலாம் என்றார் அதிகாரி. பின்வரிசையில் இருந்த அக்கா தலை நிமிரவில்லை. எனக்கு மனசு உறுத்தியது. கீரப்பாளையத்துக்குத் திரும்பப் போய் ஒரு வீட்டில் காரணம் கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் ரேங்க் குடுத்தா தப்பா? அஞ்சாவது ரேங்க் குடுக்க அவ என்ன மக்குப் புள்ளயா?"

திருத்தம்

மறுபடி வீடு வீடாகப் போய், இந்தத் தடவை விளக்கிச் சொல்லிக் கேட்டேன், எல்லாம் ஐந்து. அடுத்த கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து, தப்பு ஊர்மேலும் இல்லை, அக்காமேலும் இல்லை, என்மேல்தான் என்றேன். அக்காவின் வேலை தப்பியது. இடையில் பதினைந்து நாள் மகளிடம்கூடச் சொல்லாமல், சோறு இறங்காமல் இருந்தாராம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுவரை கூட வந்தவரிடம், "எனக்கு எவ்ளோக்கா போடுவீங்க?" என்று வழிந்தேன்.

"ஒனக்கும் ஒண்ணுதாம்மா."

எந்த ஒண்ணு என்று விளக்கம் கேட்பதுதான் நான் ஒரு வருடம் படித்த தொழில் என்றாலும், கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன்.