தேயிலைப் பெட்டிக்குள் வெயில்

தொண்ணூறாம் ஆண்டு தெல்லிப்பழையை விட்டு வெளிக்கிட்ட நாங்கள், இரண்டு மூன்று இடங்களில் ஒண்டியிருந்துவிட்டு, கடைசியில் கொழும்புத்துறையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறைகளில் குடியேறினோம். நாங்கள் என்றால் நானும் என் கணவரும்தான். பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை. வீட்டின் முன்பக்கத்தில் சொந்தக்காரி தனியே இருந்தார். பெண்கள் பாடசாலை ஒன்றில் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கலியாணம் செய்யவில்லை. அந்த ஒழுங்கையில் குடியிருந்த எல்லோரும் அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

என் கணவர் கடலோரத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் மின்பகுதியில் வேலை செய்தவர். சண்டை தொடங்கியதும் தொழிற்சாலை பூட்டப்பட்டது. குடாநாட்டில் மின்சாரமும் நின்றுபோனது. மின்சாரமே இல்லாத ஊரில் மின்வேலை தெரிந்தவருக்கு என்ன வேலை? கொஞ்சக் காலம் சைக்கிளில் அலைந்து நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார். காலையில் எழும்பிக் கிணற்றடிக்குப் போவார், தேத்தண்ணி குடிப்பார், மாமரத்தின் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். கேட்டால் பதில் சொல்லுவார். கேட்காவிட்டால் ஒரு சொல்லும் வராது. கோபம் என்றால் எனக்கு விளங்கியிருக்கும். கோபமும் இல்லை. நான் பக்கத்தில் ஒரு பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய் வந்தேன். போகும்போது இருந்த இடத்திலேயே வரும்போதும் இருப்பார். நிழல் நகர்ந்த அளவுக்குக் கதிரை மட்டும் நகர்ந்திருக்கும்.

அந்த நாட்களில் வீடு நடத்துவது முழுநேர வேலை. மண்ணெண்ணெய் விளக்குக்கே போதாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அது நனையுமளவுக்கு எண்ணெய் விட்டு, சின்னத் திரியில் எரிப்போம். சவுக்காரம் கிடைத்தால் உடுப்புக்கு. பாத்திரத்துக்குச் சாம்பலும் தேசிக்காய்த் தோலும். அரிசி கழுவிய தண்ணீர் கத்தரிக்கன்றுக்குப் போகும். எறிவதற்கென்று வீட்டில் ஒரு பொருளும் மிஞ்சியதாக எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாவற்றிலும் பெரிய பாடு விறகு. பங்கர் என்ற பதுங்குகுழிகளை மூட மரங்களைத் தறித்துத் தறித்து வளவுகள் வெளித்துவிட்டன. காய்ந்த தென்னோலை, பனைமட்டை, பனங்கொட்டை ஊமல் என்று கிடைத்ததையெல்லாம் அடுப்புக்குள் தள்ளினோம். ரீச்சரின் மாமரத்தில் ஒரு பெரிய கொப்பு இருந்தது. அதைத் தறித்தால் இரண்டு மாதம் எரிக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"தறிக்கலாம் பிள்ளை. பிறகு வெயிலுக்கு எங்கை இருக்கிறது?" என்றார் ரீச்சர். அதோடு அந்தக் கதை முடிந்தது.

தொண்ணூற்றிரண்டு பங்குனி முடிகிற நேரம் ரீச்சர் எங்கள் பக்கம் வந்தார். படிப்பித்த காலத்திலிருந்தே அவருக்கு ஒரு வழக்கம் இருந்ததாம். சித்திரை விடுமுறையில் ஒரு நாள் பழைய மாணவிகளைக் கூப்பிட்டு மாமரத்தடியில் மதியச் சாப்பாடு கொடுப்பார். முன்பெல்லாம் ஐஸ் போட்ட சர்பத், மின்சார அடுப்பில் சுட்ட கேக், பிறகு பாட்டுப் பெட்டி. இடையில் இரண்டு வருடம் நடக்கவில்லை.

"இந்த முறை வைக்கப்போறன்" என்றார்.

"ரீச்சர், சோறு கறி காய்ச்சவே விறகில்லை."

"விறகு இருக்கிற அளவுக்குச் சமைப்பம். எல்லாரும் வீட்டுக்குள்ளை இருந்து இருந்து ஊமையாப் போச்சினம். ஒருநாள் வந்து கதைச்சிட்டுப் போகட்டும்."

சொல்லும்போது அவர் மாமரத்துப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் அங்கே இருந்தவருக்குக் கேட்டது.

"வெயில் சும்மாதானே கிடக்குது" என்றார் என் கணவர்.

கேட்காமலே அவர் வாய் திறந்து கனகாலம். நானும் ரீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எப்போதோ ஒரு சஞ்சிகையில் வெயிலில் சமைக்கும் பெட்டியின் படம் பார்த்திருக்கிறாராம். ரீச்சரின் களஞ்சிய அறையில் பழைய தேயிலைப் பெட்டிகள் இருந்தன. பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டியை வைத்து, இடைவெளியில் உமி நிரப்பினார். தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித் தாளைக் கவனமாக உரித்து உட்சுவர்களில் ஒட்டினார். அடியில் ஒரு தகரம். அதற்கும் மூடியுள்ள சட்டிகளுக்கும் விளக்குக் கரி பூசினார். மேலே மூடக் கண்ணாடி வேண்டும். யன்னல் கண்ணாடிகள் குண்டு அதிர்வில் முன்பே போய்விட்டன. வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு ரீச்சரின் முன் அறையில் வந்து நின்றார். அங்கே சுவரில், பயிற்சிக் கலாசாலையில் ரீச்சரும் கூடப் படித்தவர்களும் வரிசையாக நின்று எடுத்த பெரிய படம் ஒன்று தொங்கியது.

"ரீச்சர், உந்தக் கண்ணாடி வேணும்."

"படம் வேண்டாமோ?"

"வேண்டாம். கண்ணாடி மட்டும்."

"அப்ப எடுமன் தம்பி. கண்ணாடி இல்லாட்டியும் நாங்கள் வடிவாய்த்தான் இருக்கிறம்."

படத்தை ரீச்சர் ட்ரங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தார்.

முதல் நாள் வைத்த பருப்பு பின்னேரம் வரை அவியவில்லை. அடுத்த நாள் வைத்த அரிசி கஞ்சியும் இல்லை, சோறும் இல்லை. அதை நாங்கள் உப்புப் போட்டுக் குடித்தோம். கண்ணாடியின் ஓரத்தால் ஆவி போகிறது என்று கண்டுபிடித்து, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி விளிம்பு முழுக்க ஒட்டினார். ரீச்சர் பருப்பை இராவே ஊறப்போடச் சொன்னார். மூன்றாம் முறை காலையில் வைத்த பருப்பு மத்தியானம் விரலால் நசுக்க மசிந்தது. கணவர் பெட்டியைத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. கையைச் சுட்டுக்கொண்டார். சுட்ட கையை என்னிடம் நீட்டிக் காட்டினார், சின்னப் பிள்ளை காட்டுவது போல.

அப்போதுதான் பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். போன வருடம் ஷெல் விழுந்து அவர்களுடைய குசினி உடைந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் வெள்ளை உடுப்புக்கூடக் கொடியில் காயப்போட விடுவதில்லை.

"தம்பி, என்ன உது மின்னுது?"

கணவர் விளக்கம் சொன்னார். அவர் பாதியில் மறித்தார்.

"சமையலோ, என்னவோ. மேலை ஹெலியிலை வாறவனுக்கு உது கண்ணாடி. வேறையொண்டும் தெரியாது. சுத்திவர இருக்கிற நாங்கள்தான் சாக வேணும். எடுங்கோ உதை."

அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பெட்டியை எடுத்துவிடலாம் என்று நானும் சொன்னேன். கணவர் அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை. திரும்பவும் கதிரையில் போய் இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். ஆனால் அடுத்த நாள் காலையில் இரண்டு யூரியாச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, சாணியும் மண்ணும் கரைத்துப் பூசி, பெட்டிக்கு ஒரு போர்வை செய்திருந்தார். வேலியடிக்குப் போய்ப் பக்கத்து வளவுக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணை, சத்தம் கேட்ட உடனை உதாலை மூடுவன். பெட்டிக்குப் பக்கத்திலை ஆள் இல்லாமல் ஒரு நிமிசமும் விடமாட்டன்."

"நீர் நித்திரையாப் போனால்?"

"நித்திரை கொள்ளாமல்தானே இவ்வளவு காலமும் இருந்தனான்."

அவர் சாக்கை ஒருதரம் பார்த்தார். வேலியை விட்டுப் போய்விட்டார்.

விருந்து நாளுக்குள் இரண்டாவது பெட்டியும் தயாராகிவிட்டது. ரீச்சர் தென்னோலைக் கிடுகு இரண்டு வரிசை கட்டி மாமரத்து நிழலை நீட்டிவிட்டார். கீழே பாய்கள் விரித்தோம். புது மண்பானைகளைக் கொப்பின் கீழ் ஈர மணலில் கழுத்துவரை புதைத்து, ஒன்றில் மோரும் ஒன்றில் பனங்கட்டி கரைத்த தேசிக்காய்த் தண்ணியும் ஊற்றி, வாயை நனைத்த துணியால் கட்டினோம். ஐஸ் இல்லாத குறை அதில் அவ்வளவாகத் தெரியவில்லை. சோறு மட்டும் விறகில். பருப்பும் பூசணிக்காயும் ஒரு பெட்டியில். மற்றதில் ரவையும் பனங்கட்டியும் முட்டையும் தேங்காயெண்ணெயும் சேர்த்து ரீச்சர் அடித்த கேக். சித்திரை வெயில் நேரே தலைக்கு மேலே நின்றது.

வந்தவர்கள் எல்லோரும் என்னைவிட மூத்த பெண்கள். சைக்கிளில் வந்தார்கள். ஒருத்தி உடுவிலிலிருந்து எதிர்க்காற்றில் மிதித்து வந்து, வந்ததும் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாள். அவர்கள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அங்கர் பால்மா கிடைக்காதது, பிள்ளைகளின் சோதினை, யார் கடல்நீரேரியைக் கடந்து வெளியே போனது, யார் போகாமல் திரும்பியது. சோனகதெருவிலிருந்து வருகிறவள் ஒருத்தி ஒவ்வொரு முறையும் வட்டிலப்பம் கொண்டுவருவாளாம். அவளைப் பற்றி யாரோ கேட்டார்கள்.

"புத்தளத்திலை ஒரு முகாமிலையாம். வேறை ஒண்டும் தெரியாது" என்றார் ரீச்சர்.

தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது அவளும் போகவேண்டி வந்தது. பிறகு மோர் கேட்டார்கள்.

வாழையிலைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டது. எல்லோரும் எழும்பிப் பின்வளவு பங்கருக்குள் இறங்கினோம். ரீச்சர் கடைசியாக இறங்கினார். என் கணவர் இறங்கவில்லை. பங்கர் வாசலால் பார்த்தேன். பெட்டிகளை மூடிவிட்டார், ஆனால் காற்று சாக்கைத் தூக்கியது. அதன் ஓரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் குந்தியிருந்தார்.

"இஞ்சாருங்கோ! வாங்கோ உள்ளை!"

"வாறன், வாறன்" என்றார். வரவில்லை.

பொம்பர் பட்டணப் பக்கம் பதிந்து குண்டு போட்டது. நிலம் ஒரு தரம் குலுங்கியது. திரும்பவும் ஒரு தரம். பங்கர்ச் சுவரிலிருந்து மண் எங்கள் தலையில் கொட்டியது. ஒருத்தி தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. சாக்கை விட்டுவிட்டு வந்தால் என்ன, வந்தால் என்ன என்று அதே நினைப்புத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

சத்தம் அடங்கி வெளியே வந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார். தலைமுடியெல்லாம் புழுதி.

"கண்ணாடி தப்பீட்டுது" என்றார்.

"கண்ணாடி! உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால் நான் என்ன, கண்ணாடியோடை குடும்பம் நடத்துறதோ?"

அத்தனை பேருக்கு முன்னால் அதற்கு முன் ஒருநாளும் நான் கத்தியதில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தெல்லிப்பழையை விட்டு வந்த பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். எனக்குக் கோபம் போகவில்லை; ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வளவுக்காரர் வேலியடிக்கு வந்துவிட்டார்.

"இப்ப பாத்தியளோ?"

"அண்ணை, அவன் போட்டது பட்டணத்திலை. எங்கடை பூசணிக்காயைத் தேடி வரேல்லை" என்றார் ரீச்சர். "அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு உள்ளே போனார்.

பட்டணத்தில் வீடு உள்ள இரண்டு பேர் சாப்பிடாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். வெயிலில்லாமல் கிடந்ததில் கேக் நடுவில் குழி விழுந்திருந்தது. போர்வையை எடுத்துவிட்டுத் திரும்ப ஒரு மணித்தியாலம் விட்டோம். பின்னேரம்தான் சாப்பிட்டோம். கேக்கின் ஓரங்கள் நன்றாக இருந்தன. நடுப்பகுதியைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார்கள். உடுவில்காரி, இதைப் புட்டிங் என்று சொன்னால் சோதினையில் முழுப் புள்ளியும் போடலாம் என்றாள். ரீச்சர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. இது கேக்தான், பிழைத்துப்போன கேக் என்றார். பட்டணத்துக்குப் போன இருவருடைய வீட்டாருக்கும் ஒன்றுமில்லை என்று அடுத்த நாள் அறிந்தோம். அவர்களில் ஒருத்தியின் பக்கத்து வீட்டில் ஆட்கள் செத்திருந்தார்கள்.

ஒரு கிழமைக்குப் பிறகு, பக்கத்து வளவுக்காரர் சைக்கிளில் வெளியே போன நேரம் பார்த்து, அவருடைய மனைவி வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் ஒரு சட்டியை நீட்டினார். உள்ளே ஊறிய கடலை.

"இவருக்குச் சொல்லிப் போடாதை பிள்ளை. விறகு ஒரு துண்டும் இல்லை."

அதன்பிறகு அந்தச் சட்டி அடிக்கடி வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். விறகில்லாத வீட்டில் கடலை தானாக வெந்துவிடுமா?

மழை தொடங்கும்வரை என் கணவர் ஒழுங்கையில் ஐந்தாறு வீட்டுக்குப் பெட்டி செய்து கொடுத்தார். மழையோடு அந்த வேலை நின்றது. ஆனால் அதற்குள் அவரைத் தெரிந்துகொண்ட ஒருவர், தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரங்கள் திருத்தும் தன்னுடைய பட்டறைக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். காலையில் போய்க் கையெல்லாம் கிரீசோடு பின்னேரம் வருவார். வந்ததும் பட்டறைக் கதைகளைச் சொல்லுவார். சில நாட்களில் கேட்டு எனக்கு அலுத்தும் போகும். ரீச்சர் அடுத்த இரண்டு வருடமும் விருந்து வைத்தார். இரண்டாவது முறை என் மகள் பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. அவளைப் பாயின் நடுவில் கிடத்தி, வந்த பெண்கள் முறை வைத்து விசிறினார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கிவர ஊரில் எல்லோரும் வெளிக்கிட்டபோது ரீச்சரும் எங்களோடு வந்தார். மழை. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க நெடுநேரம் நிற்கவேண்டியிருந்தது. பெட்டிகளைக் கொண்டுபோகும் பேச்சே எழவில்லை. கொடிகாமத்தில் என் சித்தப்பா வீட்டுத் தென்னங்காணியில் ஒரு கொட்டிலில் மூன்று கிழமை ஒன்றாக இருந்தோம். பிறகு ரீச்சரின் தம்பி கொழும்பிலிருந்து ஆள் அனுப்பினார். படகேறும் கிளாலித் துறைக்குப் போகும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் அவரை ஏற்றிவிட நாங்கள் மூவரும் போனோம். மகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு என் கணவரிடம் கொடுத்தார். ரீச்சர் அழுவார் என்று நினைத்திருந்தேன். அழவில்லை.

"கதைச்சுக்கொண்டிரும் தம்பி" என்றார்.

"ஓம் ரீச்சர்" என்றார் என் கணவர்.