மாதிரிக்குக் கொடுத்த கண்ணாடி

தொண்ணூறுகளில் கிரிக்கெட் ஆட நான் போட்டுக்கொண்டிருந்த பவர் கூலிங் கிளாஸ் கீறல் விழுந்து பாழாகியிருந்தது. லென்ஸ் மாற்ற ஆர்.எஸ்.புரம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். பவர் பார்ப்பதற்கு மாதிரியாக, முகத்தில் இருந்த சாதாரணக் கண்ணாடியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாலையில் புது லென்ஸ் மாட்டிய கூலிங் கிளாஸைப் போட்டுப் பார்த்த ஜோரில் சாதாரணக் கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

தொண்டாமுத்தூர் தாண்டி இறங்கியபோது இருட்டிவிட்டது. கூலிங் கிளாஸைப் போட்டால் கறுப்பு, கழற்றினால் புகை. காட்டிலிருந்து யானை இறங்கியிருப்பதாக அந்த வாரம் முழுக்கப் பேச்சு. வீட்டுக்குப் போகும் தடத்தில் தென்னை மட்டை முறிந்தது. நின்று இருட்டை உற்றுப் பார்த்தேன்.

பின்னாலிருந்து பக்கத்துத் தோட்டக்காரர் கிசுகிசுத்தார்: “ஏனுங்க, ஆனைங்க. ஓடிப்போடாதீங்க.”

எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே ஓடுவதற்கு!

“எங்கங்க நிக்குது?”

“அதையேதானுங்க பாத்துட்டு நிக்கறீங்க.”