சும்மா நடக்க ஒரு காரணம்

இந்த ஊரில் எதிரே வருகிறவர் உங்களிடம் நலம் விசாரிப்பதில்லை. "எங்கீங்க?" என்றுதான் கேட்பார். காட்டுக்கு, ரேசன் கடைக்கு, மோகனூருக்கு என்று ஏதாவது ஓர் இடத்தைச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இடம் சொல்லாவிட்டால் நின்று பார்ப்பார். வந்த புதிதில் எனக்கு அது போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. நான் பதிலுக்கு நம் வழக்கப்படி "பசியாறிட்டீங்களா?" என்பேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்குக் காலையில் யாரைக் கண்டாலும் வாயில் வருவது அதுதானே. இங்கே அதைக் கேட்டவர்கள் தாங்கள் பட்டினி கிடந்ததாக நான் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்கு மாமன் முறையான ஒருவர், தன் வீட்டில் மூன்று வேளையும் உலை கொதிப்பதாக முகம் சுண்டிப்போய்ச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலர் இன்னும் பேரா மாநிலத்தில்தான் இருப்பீர்கள். சிலர் என்னைப் போல, எழுபதுகளின் தொடக்கத்தில் குடியுரிமை இல்லாத அப்பாவின் சிவப்பு அடையாள அட்டைக்கு வேலை அனுமதி கிடைக்காமல் கப்பலேறியவர்களாக இருப்பீர்கள். அப்பாவுக்கு இது திரும்பி வந்த ஊர். எனக்கு வந்து சேர்ந்த ஊர். அம்மாவைத் தோட்டத்து இடுகாட்டில் விட்டுவிட்டு வந்தோம். குடியுரிமை உள்ள நீல அட்டைக்காரரைக் கட்டிய அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். வந்த அடுத்த தையிலேயே மோகனூருக்கு மேற்கே வாய்க்கால் பாசனத்தில் கரும்பும் வாழையும் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணப் பந்தலில் என் கழுத்தெலும்பைப் பார்த்த பெண்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சீமையிலிருந்து வந்தது இப்படியா இருக்கும், ஒரு காத்தடிச்சால் கரூருக்குப் போய்விடும்.

அந்தக் குறையை என் மாமியார் சீக்கிரமே சரிசெய்துவிட்டார். அன்பான மனுஷி. முதல் பிள்ளைக்கு உண்டானதிலிருந்து நெய்யும் கருப்பட்டியும் பூண்டும் என் வாயில் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து, பெரியவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது நான் முழுக்க வேறு ஆளாக இருந்தேன். இப்போதுதான் குடும்பத்துப் பொம்பளையாட்டம் இருக்கிறாள் என்று ஊர் மெச்சியது. எனக்கு மட்டும், ரவிக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைக்கும்போது, யாரோ என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுப்பதுபோல் இருக்கும்.

சும்மா இருந்து உடம்பு வைத்தது என்று நினைக்க வேண்டாம். விடியுமுன் எழுந்து சாணி தெளித்து, எருமை கறந்து, பிள்ளைகளைக் கிளப்பி, வீட்டுக்கும் வேலையாட்களுக்கும் ஆக்கி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். கரும்பு வெட்டுக் காலத்தில் இறக்கிய பானை அடுப்புக்கே திரும்பிப் போகும். நாள் முழுக்க நின்றேன், ஆனால் சமையலறைக்கும் தொட்டிக்கும் கொட்டகைக்கும் நடுவில்தான். எல்லோரும் சாப்பிட்ட பின் சாப்பிடுவதுதான் மருமகளுக்கு முறை. அதற்குள் பசி போய்ச் சோர்வு வந்திருக்கும். பிள்ளைகள் தட்டில் விட்டதை வீணாக்க மனம் வராமல் வழித்துப் போட்டுக்கொண்டு, குண்டான் அடிச்சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவேன். அந்தச் சோற்றில் ருசி இருந்ததாக ஞாபகம் இல்லை. அது ஒன்றுதான் நான் உட்கார்ந்திருக்கும் நேரம், அதனால் நீட்டி நீட்டிச் சாப்பிட்டேன்.

ஒரு முறை பிள்ளைகளோடு நாமக்கல் மலைக்கோட்டைக்குப் போனோம். பாறையில் வெட்டிய படிகளில் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். நான் பாதியில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்த அடியில் கீழே இருந்த ஊரும் குளமும் ஆடின. சின்னவள் மேலிருந்து "அம்மா வா, அம்மா வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என்னால் கையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. அன்று மாலையே என் வீட்டுக்காரர் என்னை நாமக்கல்லில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போய், தான் வெளியே உட்கார்ந்துகொண்டார். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். வீட்டில் யாருக்காவது வியாதி உண்டா என்று கேட்டார். அம்மாவுக்கு இனிப்புநீர் இருந்தது என்றேன். நாம் அங்கே அப்படித்தானே சொல்வோம். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, அம்மா பானகம் போல ஏதாவது நிறையக் குடிப்பாரா என்று கேட்டார். நானும் புரியாமல், தேத்தண்ணீர் குடிப்பார் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வெவ்வேறு சங்கதி பேசிக்கொண்டிருந்தோம். அம்மாவின் காலில் வந்த புண்ணையும், காலை எடுத்ததையும், அவர் நாற்பதைத் தாண்டிச் சில காலத்திலேயே போனதையும் நான் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. "சக்கரை வியாதின்னு சொல்லும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்கும் அதே வழிதான், இப்பவே திரும்பிக்கோ. சோத்தைக் குறை. காலையில வெளியில போய் நட" என்றார். நாள் பூராவும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன் என்றேன். அது நடை இல்லை, சுத்தறது என்றார்.

மறுநாள் பால் கறந்த கையோடு வாய்க்கால் கரையில் நடக்கக் கிளம்பினேன். தோட்டத்தில் இருந்த காலத்தில் சாயங்காலம் ஆனால் நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் எங்கள் வரிசை வீட்டு லயத்திலிருந்து பெரிய ரோடு வரை 'ஜாலான் ஜாலான்' போவோம். ஒன்றுக்கும் இல்லாமல் நடப்பதற்கு மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் அந்தச் சொல் எங்கள் எல்லோருக்கும் சொந்தம். இங்கே அப்படி ஒரு சொல் கிடையாது. எதிரே கரும்பு வண்டி ஓட்டி வந்தவர், "எங்கீங்க இந்நேரத்துல?" என்றார். "சும்மாதானுங்க" என்றேன். அவர் வண்டியை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது முதுகில் தெரிந்தது. வாய்க்கால் போய்ச் சேரும் பக்கம் காவிரி. முந்தைய ஆடியில் ஊர்ப் பெண் ஒருத்தி இதே கரையில் விடிகாலையில் தனியாகப் போனவள் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அது அந்த நேரத்தில் என் நினைவுக்கே வரவில்லை.

கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். என் நங்கை பாவாயி, வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் இறந்த பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். முந்தானை மண்ணில் இழுபட ஓடி வந்து என் கையைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் சைக்கிளில் இரண்டு பேர். தூரத்தில் டிராக்டரில் என் வீட்டுக்காரர்.

"என்ற தம்பி ஏதாச்சும் சொல்லிப்போட்டானா அம்மிணி? எதுவா இருந்தாலும் என்றகிட்டச் சொல்லு சாமி."

வண்டிக்காரர் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. பயத்தில் தமிழே வராமல் "ஜாலான் ஜாலான்" என்றேன். அது யாரோ ஓர் ஆணின் பெயர் என்று நினைத்து சைக்கிள்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் சொன்னதைச் சொல்லி முடித்தபோது என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. அது எனக்குத் திட்டியதைவிடப் பாரமாக இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில், மற்றவர்களை முன்னால் போகவிட்டு, பாவாயி நங்கை மெல்லச் சொன்னார்: "நானும் ஒருக்கா இந்தப் பக்கம் வந்தவதான். அவிய தவறிப்போன வருசம். கரையில உக்காந்துட்டுத் திரும்பி வந்துட்டேன். ஏன் வந்தேன்னு இன்னிக்கும் தெரியல." நான் அவர் கையை விடவில்லை.

நான் இனி வாசல் தாண்டக்கூடாது என்றுவிட்டார் மாமியார் அத்தை. உடம்பு இளைப்பது சோறில்லாத வீட்டுப் பெண்களுக்கு நடப்பது, அதை யாராவது மருந்தாகக் கேட்பார்களா என்பது அவர் வாதம். சில நாட்கள் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். எருமைகள் மிரண்டன. வழி கண்டுபிடித்தவர் பாவாயி நங்கைதான். எங்கள் பாலை அடுத்த ஊர்ப் பால் சொசைட்டிக்கு ஒரு சைக்கிள்காரர் எடுத்துப்போவார். அவரை நிறுத்திவிட்டு நாங்களே கொண்டுபோகிறோம் என்று தம்பியிடம் சொன்னார். கையில் பால் கேன் இருந்தால் எந்த ஊரும் எந்தப் பெண்ணையும் ஒன்றும் கேட்காது. அப்படித்தான் ஆயிற்று. கேனை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே போய்வந்தோம். போகும்போது அவசரம், பால் திரிந்துவிடும். அதனால் வேகமாக நடப்போம். டாக்டர் கேட்டதும் அந்த வேகத்தைத்தான்.

நடையைவிடச் சோறுதான் கஷ்டம். பிள்ளைகள் சாப்பிடும்போதே நானும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆம்பிளைகளுக்கு முன்னால் மருமகள் உண்பதா என்று அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிள்ளைகள் விட்ட மிச்சத்தை எருமைத் தொட்டியில் கொட்டினேன். தோட்டத்தில் அரிசிக்கு அல்லாடிய வீடு எங்களுடையது. இரவில் அரிசியை விட்டுவிட்டுக் கம்பஞ்சோறும் ராகிக் களியும் கேட்டபோதுதான் அத்தைக்கு உண்மையிலேயே வலித்தது. "பஞ்சத்துல தின்னதுங்க அதெல்லாம். அதுலருந்து தப்பிச்சு நெல்லுச்சோறு திங்கறதுக்குத்தான் இந்தக் காட்டையே திருத்துனோம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் களியை நான் ஒவ்வொரு முறையும் அவர் பார்க்காத பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

இவையெல்லாம் ஒரே சீராக நடந்ததாக எண்ண வேண்டாம். கரும்பு வெட்டு வந்தால் சொசைட்டிக்குப் போக முடியாது. பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது மாதக்கணக்கில் எல்லாம் நின்று, இறங்கிய உடம்பு திரும்ப ஏறியது. திரும்ப ஆரம்பிப்பதுதான் எல்லாவற்றிலும் அலுப்பான வேலை. பாவாயி நங்கை விடிகாலையில் கேனைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு நிற்பார். அவர் நிற்கிறாரே என்றுதான் பல நாள் எழுந்தேன். மெல்ல ரவிக்கைகள் தொளதொளத்தன. மூச்சு சீராயிற்று. அப்போதுதான் ஊர் துக்கம் விசாரிக்க ஆரம்பித்தது.

ஒருநாள் கடைவீதிக்குப் போய்வந்த என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றாமலே சமையலறைக்கு வந்தார். "போதும் அம்மிணி. உங்கூட்டுல அந்தப் புள்ளைக்குச் சோறு போடறதில்லையான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறாங்க. என்ன பதில் சொல்லட்டும்?"

நான் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னேன். "எங்கம்மா சாகறப்ப நான் வளந்த பொண்ணுங்க. அப்பவே எனக்கு உலகம் தெரியல. நம்ம சின்னவளுக்கு இன்னும் தலை வாரிக்கத் தெரியாது. நான் இருக்கோணும்ங்க."

அவர் போய்க் கைகால் கழுவிவிட்டு வந்து, எனக்கு வைத்திருந்த களியில் ஓர் உருண்டையைத் தன் தட்டில் போடச் சொன்னார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். மறுமுறை நாமக்கல் போனபோது டாக்டர் அழுத்தம் இறங்கியிருக்கிறது, விட்டுவிடாதே என்றார். அவ்வளவுதான். நான் சிரித்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. திரும்பும் பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

போன வருசம் அக்கா ஈப்போவிலிருந்து விமானத்தில் வந்தாள். இத்தனை காலம் கழித்து என்னைப் பார்த்தவள் வாசலிலேயே அழுதுவிட்டாள். "என்ன லா, இப்படி எளைச்சுக் கறுத்துப் போயிட்ட" என்றாள். நான் அவளைப் பார்த்து அழுதது வேறு காரணத்துக்கு. அவள் அம்மாவின் கடைசிக் கால உடம்போடு இருந்தாள். அவளுக்கும் இனிப்புநீர். அங்கேயும் டாக்டர் நடக்கச் சொல்லி, வெள்ளைச் சப்பாத்து, இங்கே ஷூ என்பது, வாங்கி வீட்டு வாசலிலேயே வைத்திருந்தாளாம். வேலைக்குப் போய்வந்து பிள்ளைகளுக்குச் சமைத்து முடித்தால் அதைப் பார்க்கவே வெறுப்பாக இருக்குமாம். இருந்த நாட்களில் எங்களோடு சொசைட்டி வரை வந்தாள். வழியில் எங்காவது உட்கார்ந்துகொள்வாள். நங்கையும் நானும் காத்திருப்போம். கிளம்பும்போது பெட்டியில் இடமில்லை என்று சொல்லி, கூடவே கொண்டுவந்திருந்த அந்தச் சப்பாத்துகளை எனக்கு விட்டுவிட்டுப் போனாள். இடம் இருந்தது எனக்குத் தெரியும்.

ஊருக்குள் அவற்றைப் போட்டுக்கொள்ள முடியாது. சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தால் அத்தை பாவம், மறுபடி ஒரு சுற்று விசாரணையைத் தாங்கமாட்டார். பையில் போட்டு எடுத்துப்போகிறேன். கடைசி வீடு தாண்டியதும் நங்கை கேனை வாங்கிக்கொண்டு நிற்கிறார். செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுச் சப்பாத்தை மாட்டிக் கயிற்றை இறுக்குகிறேன். அக்காவின் கால் என்னுடையதைவிடப் பெரிது, முன்னால் பஞ்சு அடைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் வாழை, நடுவில் அந்தக் கரை. அடுத்த ஊரின் முதல் வீடு கண்ணில் படும் இடத்தில் மறுபடி குனிந்து கயிற்றை அவிழ்க்க வேண்டும். "இன்னுங் கொஞ்சம் போயிக் கழட்டிக்க, ஆருமில்ல" என்கிறார் நங்கை. நான் இன்னும் கொஞ்சம் போகிறேன்.