மகள் என்னிடம் சொல்லாதது

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மகளை மயிலாப்பூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வியாழன்தோறும் அவள் அடையாறில் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கப் போவாள். திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும். பெற்றவளிடம் பேசாததை யாரோ ஒருத்தியிடம் ஒரு மணி நேரம் பேசுகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவள் குளிக்கும்போது அவள் போனில் ஆலோசகரிடமிருந்து அழைப்பு வந்தது. "வளைகாப்பு ஆயிடுச்சு, இனி அவ வரமாட்டா. நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். மகளிடம், ஆலோசகர் ஊரில் இல்லையாம் என்றேன்.

அதற்குப் பிறகு மூன்றாவது வாரம் அவள் கண்ணாடி வளையல்களையெல்லாம் கழற்றி மேஜையில் வைத்திருந்தாள். பிரசவம் வரை கழற்றக்கூடாதே என்று பதறினேன்.

"சத்தம் தாங்கலம்மா. செத்துடலாம்னு தோணுது."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ அழுவே. அப்புறம் உன்னைத் தேத்தவே எனக்கு நேரம் சரியாப் போயிடும். அவங்க அழமாட்டாங்க."

அழுதுகொண்டேதான் உண்மையைச் சொன்னேன். உடனே ஆலோசகருக்குப் போன் செய்து, ஆட்டோவில் கூட்டிப் போனேன்.

இப்போது வியாழன்தோறும் நானே வெளியே காத்திருக்கிறேன். உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டால் இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன பேசினாய் என்று கேட்பதில்லை. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத அம்மா, மயிலாப்பூர்