வரிக்குப் பயந்து தறிக்குழியை மூடினேன்

யுத்தம் முடிந்துவிட்டது, ஆனால் நூல் மட்டும் இன்னும் தறிக்கு இவ்வளவு என்று கார்டுக்குத்தான் கிடைத்துக்கொண்டிருந்த சமயம். அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவாளர் தெருவில் நடந்தது இது. எனக்கு அப்போது வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. தெருவில் யார் வீட்டில் முகம் வாடியிருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நாலு வார்த்தை பேசிச் சிரிக்கவைக்க. அப்படிப்பட்டவன் உள்ளுக்குள் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது என் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். இன்று அதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டு வரியைப் புதிதாகப் போடப் போகிறார்கள், வீடு வீடாக அளக்க ஆள் வருகிறது என்று தண்டோரா போட்டுவிட்டுப் போனார்கள். அன்றோடு எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் வாசலுக்குச் சிமிண்டு பூசியதற்காக வரி இரண்டு பங்கு ஆகிவிட்டது என்று ஒருவர் சொன்னார். ஜன்னலை எண்ணுகிறார்கள் என்றார் இன்னொருவர். நான் ஓடிப்போய் என் வீட்டு ஜன்னல்களை எண்ணினேன். ஒன்றுதான் இருந்தது. அதையும் சாத்திவைத்தேன்.

இந்த நிலைமையில் திருச்சுழியிலிருந்து என் மச்சினன் வந்து சேர்ந்தான். “மச்சான், எங்க பக்கம் தறிக்குழியை எண்ணித்தான் போடப்போறாகன்னு பேச்சு. ஒரு குழிக்கு இவ்வளவுன்னு” என்றான். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பயப்படுகிறவனுக்குச் சாட்சி எதற்கு?

எங்களுடையது குழித்தறி. தரையில் தொடையளவு குழி தோண்டி, விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதித்து நெய்வோம். என் வீட்டில் அப்படி இரண்டு. அந்த மாதம் நூல் வரத் தாமதமானதால் இரண்டு தறியும், நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஏறாமல், சும்மா கிடந்தன. பாவு ஏறியிருந்தால் அதில் கை வைக்க எனக்கு மனம் வந்திருக்காது. காலியாகக் கிடந்ததால் துணிந்துவிட்டேன். இரண்டையும் கழற்றிக் கொல்லையில் சோளத்தட்டைப் படப்புக்கு அடியில் ஒளித்தேன். கண்மாயிலிருந்து கூடை கூடையாகக் கரிசல் மண்ணைச் சுமந்துவந்து குழிகளை நிரப்பினேன்.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். “அதுல காலைத் தொங்கப்போட்டுத்தான் இத்தனை வருசமும் சாப்பிடுறோம்” என்றாள்.

“ஆள் போனதும் திரும்பத் தோண்டிக்கிட்டாப் போச்சு.”

“தோண்டுறதுக்கு ஒரு வரி கேட்டா?”

கேலி பேசுவது என் தொழில். அவள் அன்று அதை எடுத்துக்கொண்டாள். நான் மண்ணைத் திமிசுக்கட்டை போட்டு இடித்து இறுக்கினேன். இரண்டு நாள் காயவிட்டுச் சாணம் போட்டு மெழுகினேன். கூடம் கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது.

வீடு அளக்கிற குமாஸ்தா வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் குடை, கையில் பதிவேடும் டேப்பும். டேப்பின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்தார். அது என் கையில் பாம்புக்குட்டி மாதிரி நெளிந்தது. “ஆட்டாமப் பிடிங்க, அளவு மாறும்” என்றார்.

அளந்து முடித்ததும் கூடத்தைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். “இடைஞ்சல் இல்லாம நல்ல கூடமா இருக்கே. பஞ்சு வியாபாரிக யாரும் கிட்டங்கிக்குக் கேக்கலையா? மூட்டையை உத்தரம் வரைக்கும் அடுக்கலாமே.”

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துத்தான் வரி போடுகிறார்கள். நடுவில் இரண்டு குழி கிடக்கிற கூடத்தை எந்தப் பஞ்சு வியாபாரி கேட்பான்? வரியைக் குறைத்துவைத்திருந்ததே அந்தக் குழிகள்தான். நானோ மண் சுமந்து, சாணம் மெழுகி, என் வீட்டைக் கிட்டங்கியாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அதோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எழுதிக்கொண்டே, “தறி இல்லைன்னு போட்டுக்கிடுறேன். நூல் கார்டு ஆபீஸ்லயும் இந்தக் கணக்கைக் கேட்டிருக்காங்க” என்றார்.

தறியே இல்லாமல் கார்டு வாங்கி, நூலைக் கள்ள விலைக்கு விற்றவர்களை அப்போது பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கார்டில் தறி இரண்டு என்று இருக்கிறது. கார்டு போனால் நூல் போச்சு, நூல் போனால் அடுப்பு அணைந்தது. அதற்கு மேல் கைவிலங்கு. ஜெயிலில் கைதிகளைத் தறியில் உட்காரவைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்காவது யாரும் குழியை மூடியிருக்கமாட்டார்கள் என்று ஒரு யோசனை ஓடியது. பயத்திலும் என் புத்தி அப்படித்தான் போகும்.

“ஐயா, தறி இருக்கு” என்றேன்.

“எங்க?”

“நீங்க நிக்கிற இடத்துல.”

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “வரி கூடும்னு தெரிஞ்சதும் எல்லாரும் சொல்றதுதான். நான் போனப்புறம் ஒரு குழியைத் தோண்டி வச்சுக்கிட்டு, முந்தியே இருந்துச்சும்பீக” என்று பதிவேட்டை மூடி வாசலைப் பார்த்து நடந்தார்.

அவர் படி இறங்கினால் என் குடும்பமும் தெருவில் இறங்கியது மாதிரிதான். அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையைப் பறண்டினேன். நகம் பெயர்ந்ததே தவிர மண் பெயரவில்லை. திமிசு போட்டவன் அவ்வளவு கெட்டிக்காரன். பின்னால் டங்கென்று சத்தம் கேட்டது. மனைவி கடப்பாரையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டுவிட்டு, மண்ணை அள்ளக் கூடையை எடுத்தாள்.

குமாஸ்தா வாசற்படியில் நின்றுவிட்டார். அரைக்குழி வெளியே வந்ததும் குடையை ஓரமாக வைத்துவிட்டுக் குழியோரம் குந்தினார். கையை உள்ளே விட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தார். என் குதிகால் உரசி உரசி இரண்டு இடத்தில் சுவர் வழவழவென்று பள்ளம் விழுந்திருந்தது. அதற்குள் அவர் விரல் போய்வந்தது.

“இது நேத்துத் தோண்டுன குழி இல்ல” என்றார் கடைசியில். “நான் கண்ணால பாக்குறதைத்தானே எழுதமுடியும்? நீங்க காட்டுனதைத்தான் பாத்தேன். நாளைக்குக் கூடுதலா வந்தா, அநியாய வரின்னு என்னையத்தானே வைவீக?”

இரண்டாவது குழியையும் தோண்டச் சொல்லிப் பார்த்தார். கொல்லைக்கு வந்து படப்புக்கு அடியில் கிடந்த மரங்களையும் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு, தறி இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்காகச் சலுகை ஒன்றும் காட்டவில்லை. கொல்லையில் நான் புதிதாக இறக்கியிருந்த ஓட்டுச் சாய்ப்பு பழைய கணக்கில் இல்லை. அதையும் அளந்து சேர்த்துக்கொண்டார். வரி கொஞ்சம் கூடத்தான் செய்தது. ஆட்சேபணை சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி கடப்பாரையோடு நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

தறிகளைத் திரும்பப் பூட்டி நேராக்க ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்து, என்னை வைத்துச் சிரித்தார்கள். கார்டு தப்பியதே, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். பயம் என்னைவிட்டு இன்றைக்கும் போகவில்லை. ஆனால் பயத்தில் எதையாவது ஒளிக்கக் கை போகும்போதெல்லாம், அன்று நான் முதலில் ஒளித்தது எனக்குச் சோறு போடுவதைத்தான் என்ற நினைப்பு வந்து, கையை எடுத்துக்கொள்கிறேன்.