மூன்று இருமல்

நெய்வேலி குவார்ட்டர்ஸிலிருந்து ஞாயிறுதோறும் காலை பதினோரு மணிக்கு யூடியூப் நேரலையில் பேசுவார் டாக்டர் இளவேனில். அறிவார்ந்த பேச்சுதான், ஆனால் கேள்வி கேட்பவர்களிடம் பொறுமை கிடையாது.

அன்று, இருமலைக் கேட்டே நுரையீரல் நோயைக் கண்டுபிடிக்கும் செயலியை அறிமுகம் செய்தார். அறையில் அவர் மட்டும்தான் இருந்தார். அவர் இருமவுமில்லை. ஆனாலும், மூன்று இருமல் கேட்டதாக மேசைமேலிருந்த போன் காட்டியது.

"இந்தச் சனியனை நம்பி லைவுக்கு வந்தேன் பாருங்க," என்று எரிந்து விழுந்தார்.

கம்மாபுரம் அமிர்தத்தின் கமெண்ட் வந்தது: "எங்க வூட்டுக்காரரு இருமல்ங்க அது. மூணு வாட்டி இருமிட்டுத் தொண்டையச் செருமுவாரு. போன வருசம் இதே லைவ்ல கேட்டப்ப, வெறும் சளிதான்னு சொன்னீங்க. அவரு செத்து நாலு மாசம் ஆவுதுங்க."

இளவேனிலின் முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

போனில் எழுத்து மாறியது: "உடனே மருத்துவரைப் பாருங்கள்."